ஆர் 15-ஆ, ஜிக்ஸரா? முதல் பைக் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



நலன்புரிப் பத்திரிகையில் பைக்குக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. கொஞ்ச காலமாக என்னுடைய அறைக்கு வருகிற பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாமாரும் அதிகமாகப் பேசுகிற விஷயம் இதுதான். கொழும்பில் கடையிலோ கார்மண்ட்டிலோ இரண்டு மூன்று வருஷம் வேலை செய்த பிள்ளை ஊருக்கு வருகிறான். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. மிச்சத்துக்கு லீசிங், இல்லாவிட்டால் அம்மாவுடைய சேமலாப நிதி. அவன் மனதில் இருப்பது முன்பக்கம் மூடி வைத்து, ரேஸ் வண்டி மாதிரித் தெரிகிற சின்ன பைக். அதிலும் இரண்டு பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று யமஹா ஆர் 15, மற்றது சுசுக்கி ஜிக்ஸர் எஸ்.எப்.

வாங்க வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. சாயங்காலத்துக்குப் பிறகு பஸ் இல்லாத டிவிசனில் இருக்கிற குடும்பத்துக்கு பைக் என்பது ஆடம்பரமும் அல்ல. ஆனால் இந்த இரண்டில் எது, ஏன் என்பதை வாங்குவதற்கு முன்பு யாராவது சொல்லித்தர வேண்டும். விற்பவர் சொல்ல மாட்டார். கூட்டாளிமார் சொல்வது எல்லாம் வேகத்தைப் பற்றித்தான் இருக்கும்.

என்னுடைய முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு, நம்முடைய மலை ரோட்டுக்கு, ஜிக்ஸர் எஸ்.எப்.தான் பொருத்தம். ஆர் 15 கெட்ட வண்டி அல்ல. உண்மையைச் சொன்னால் சில விஷயங்களில் ஜிக்ஸரை விட நல்ல வண்டி. அப்படியிருந்தும் முதல் வண்டியாக அதை ஏன் நான் சொல்லவில்லை என்பதைத்தான் விளக்கப் போகிறேன்.

இரண்டு வண்டியும் எப்படிப்பட்டவை

ஆர் 15 இந்தியாவில் 2008-இல் முதலில் வந்தது. அப்போது 150 சீ.சீ. ரேஸ் வண்டியில் இருக்கிற மாதிரி தண்ணீரால் குளிரவைக்கும் என்ஜினை ஒரு சின்ன வண்டியில் போட்டதுதான் அதன் பெருமை. 2011-இல் இரண்டாவது மாதிரி வந்தது. 2018-இல் 155 சீ.சீ. என்ஜினோடு மூன்றாவது மாதிரி வந்தது. பிள்ளைகள் "வீ த்ரீ, வீ த்ரீ" என்று சொல்வது இதைத்தான்.

ஜிக்ஸர் என்பது முதலில் மூடி இல்லாத சாதாரண பைக். அதே வண்டிக்கு முன்மூடி போட்டு 2015-இல் எஸ்.எப். என்று இறக்கினார்கள். இதுவும் 155 சீ.சீ. தான். ஆனால் காற்றால் குளிர்கிற என்ஜின். 2019-இல் உருவத்தை மாற்றிப் புது மாதிரி வந்தது.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். 2025-இல்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் ஐந்து வருஷம் புது வண்டி வராததால் பழைய வண்டிகளின் விலை ஏறிப்போனது. இப்போது வரும் புது வண்டிக்கு வரியும் சேர்கிறது. ஆகையால் நம்முடைய பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் 2020-க்கு முன் வந்த, இரண்டு மூன்று கை மாறிய வண்டிகளைத்தான். நான் கீழே சொல்கிற கணக்கும் அந்தப் பழைய மாதிரிகளுக்கு உரியது, அதாவது ஆர் 15 மூன்றாவது மாதிரியும் ஜிக்ஸர் எஸ்.எப். முதல் மாதிரியும்.

ஏற்றத்தில் எது இழுக்கும்?

பிள்ளைகள் முதலில் சொல்லும் கணக்கு குதிரை வலு. ஆர் 15-க்கு 19-க்குக் கொஞ்சம் மேல். ஜிக்ஸருக்கு 15-க்குக் கொஞ்சம் கீழ். இதைப் பார்த்தவுடன் ஆர் 15 தான் மலை ஏறும் என்று நினைக்கிறார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என்ஜினுக்கு இரண்டு விதமான பலம் உண்டு. அலவாங்கைப் போட்டுக் கல்லைப் புரட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் எவ்வளவு பெரிய கல்லை அசைக்க முடியும் என்பது ஒன்று. ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கல்லைப் புரட்ட முடியும் என்பது இன்னொன்று. முதலாவதை முறுக்குவிசை என்கிறோம், பைக்காரர்கள் டோர்க் என்பார்கள். இரண்டாவதுதான் குதிரை வலு. ஓரிடத்தில் நின்ற வண்டியை ஏற்றத்தில் கிளப்புவதற்கும், முடக்கில் வேகம் குறைந்து மறுபடி எடுப்பதற்கும் வேண்டியது முதலாவது பலம்.

அந்தப் பலத்தில் இரண்டு வண்டியும் ஏறக்குறைய சமம். ஆர் 15-க்குப் பதினைந்து நியூட்டன் மீற்றர் அளவு, ஜிக்ஸருக்குப் பதினான்கு. வித்தியாசம் எங்கே என்றால், அது எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதில். ஜிக்ஸர் நிமிடத்துக்கு 6,000 சுற்றிலேயே தன் முழு இழுவையைத் தந்துவிடுகிறது. ஆர் 15-க்கு அது 8,500 சுற்றில்தான் கிடைக்கிறது. முழுக் குதிரை வலு வர 10,000 சுற்று வேண்டும். 7,400 சுற்றுக்கு மேல் போனால் வால்வைத் திறக்கிற கேம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி வேகத்துக்கு வழி விடுகிற ஒரு ஏற்பாடும் அதில் இருக்கிறது. கட்டுநாயக்க அதிவேகப் பாதை மாதிரி ஓர் இடத்தில் அது அருமையாக இருக்கும். ஆனால் அந்தப் பாதையில் பைக்கை விடவே மாட்டார்கள்!

கினிகத்தேனையிலிருந்து ஹற்றனுக்கு ஏறுகிற ரோட்டை எடுங்கள். முன்னால் கொழுந்து லொறி ஊர்ந்து போகிறது. முந்த இடமில்லை. 20 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டாவது கியரில் பின்னாலேயே போக வேண்டும். ஜிக்ஸர்காரர் பேசாமல் போவார். ஆர் 15 ஓட்டுகிற புதுப் பிள்ளை ஒன்று என்ஜினை அலறவிட்டுக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் கியரையும் கிளச்சையும் மாறி மாறிப் பிடிக்க வேண்டும். பழகியவருக்கு இது ஒரு பெரிய விஷயம் இல்லை. ஆறு கியரையும் சரியாகப் பாவித்தால் ஆர் 15 மலை நன்றாகவே ஏறும். ஆனால் பழகாதவர் முடக்கில் கியர் குறைக்க மறந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுபோகும். பின்னால் பஸ் வரும். மேட்டில் நின்ற வண்டி பின்னுக்கு உருளும். காலை ஊன்றப் பார்த்தால் கால் எட்டாது.

கால் எட்டாது என்று சும்மா சொல்லவில்லை. ஆர் 15 சீட்டின் உயரம் 815 மில்லிமீற்றர். ஜிக்ஸர் 780. ஒன்றரை அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் நம்முடைய பிள்ளைகளில் அநேகம் பேர் அவ்வளவு உயரம் கிடையாது. இரண்டு வண்டியும் 140 கிலோ அளவு எடை. அந்த எடையை ஒரு கால் விரல் நுனியில் தாங்க முடியாது. வாங்குவதற்கு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் எவ்வளவு படுகிறது என்று பாருங்கள். கடையின் சிமெந்துத் தரையில் மட்டும் பார்க்காமல் கொஞ்சம் சரிவான இடத்திலும் பாருங்கள்.

இறக்கத்தில்

ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து என்று தோட்டத்து லொறிக்காரர் எவரும் சொல்வார். நானுஓயா ரதல்லைக் குறுக்குப் பாதையில் 2023 ஜனவரியில் நடந்த விபத்தில் ஏழு பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அது பஸ்ஸும் வேனும் சம்பந்தப்பட்டது. ஆனால் அந்த மாதிரி இறக்கத்தில்தான் நம்முடைய பிள்ளைகளும் தினமும் பைக்கில் வருகிறார்கள்.

ஆர் 15-இல் கைபிடி தாழ்வாக இருக்கும். முன்னுக்குக் குனிந்து, வயிற்றை டேங்க்கில் வைத்த மாதிரி உட்கார வேண்டும். சமதரையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்குவதால் அது கஷ்டம் தெரியாது. செங்குத்து இறக்கத்தில் மெதுவாக வரும்போது காற்றும் தாங்காது, உடம்பின் பாரம் முழுக்க இரண்டு மணிக்கட்டிலும் இறங்கும். பிரேக் பிடித்தால் இன்னும் கூடும். அரை மணித்தியாலம் அப்படி வந்தால் கை மரத்துப்போகும். மரத்துப்போன கையால் பிரேக்கை அளந்து பிடிக்க முடியாது. ஜிக்ஸர் எஸ்.எப். முதல் மாதிரியில் மூடி இருந்தாலும் கைபிடி சாதாரண பைக் மாதிரி உயரமாகத்தான் இருக்கிறது. முதுகு நிமிர்ந்திருக்கும். முடக்குக்கு அப்பால் என்ன வருகிறது என்று தலையைத் தூக்கிப் பார்க்கலாம். பனி மூடியிருக்கிற நேரத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

இன்னொன்று, தாழ்ந்த கைபிடி மூடியில் இடிக்கும் என்பதால் ஆர் 15-இன் கைபிடி அதிகம் திரும்பாது. தேயிலை மலைக்கு நடுவே போகிற ஒடுக்கமான ரோட்டில் வண்டியைத் திருப்ப இரண்டு மூன்று தரம் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளம்.

இப்போது ஆர் 15-க்காகவும் பேச வேண்டும். மூன்றாவது மாதிரியில் ஸ்லிப்பர் கிளச் என்று ஒன்று இருக்கிறது. இறக்கத்தில் அவசரமாகக் கியரைக் குறைத்தால் சாதாரண பைக்கின் பின்சில்லு ஒரு நொடி இறுகி வழுக்கும். ஸ்லிப்பர் கிளச் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடும். அதோடு அந்தக் கிளச் பிடிப்பதற்கும் மெதுவாக இருக்கும். நம்முடைய இறக்கங்களுக்கு இது மிகவும் நல்ல விஷயம். ஜிக்ஸரில் இது இல்லை. ஜிக்ஸரில் கியர் குறைக்கிறவர் ஒவ்வொன்றாகக் குறைத்து, கிளச்சை மெல்ல விடப் பழக வேண்டும்.

பிரேக் விஷயத்தில் ஏ.பி.எஸ். என்பதை அவசியம் பார்க்க வேண்டும். ஈர ரோட்டில் பயந்து பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சில்லு சுற்றாமல் நின்று வழுக்கும், வண்டி விழும். ஏ.பி.எஸ். சில்லை நிற்க விடாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். இந்தியாவில் 125 சீ.சீ.க்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலில் இருந்து இதைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் அது அந்த நாட்டுக்குள் விற்கிற வண்டிக்கான சட்டம். இங்கே வந்த வண்டியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்கு முன் வந்த ஆர் 15-களிலும் ஜிக்ஸர்களிலும் இல்லாதவை நிறைய. விற்பவர் "இருக்கு" என்று சொன்னால் நம்ப வேண்டாம். சாவியைத் திருப்பினால் மீற்றரில் ஏ.பி.எஸ். என்று மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் அணைய வேண்டும். முன்சில்லின் பிரேக் தட்டுக்குப் பக்கத்தில் ஓட்டை ஓட்டையாக அல்லது பல் பல்லாக ஒரு சின்ன வளையமும், அதைத் தொடுகிற மாதிரி வயர் பூட்டிய ஒரு முனையும் இருக்க வேண்டும். இரண்டு வண்டி உங்கள் காசுக்குள் இருந்து, ஒன்றில் மட்டும் ஏ.பி.எஸ். இருந்தால் நான் இதுவரை சொன்ன மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அதையே வாங்குங்கள், அது ஆர் 15-ஆக இருந்தாலும் சரி. 2015-இல் வந்த முதல் ஜிக்ஸர் எஸ்.எப்.களில் பின்பக்கம் டிஸ்க் பிரேக்கே இல்லை, பழைய டிரம் பிரேக்தான். அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியானாலும் இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடக் கூடாது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். பின்பிரேக்கை மிதித்தபடியே வரவும் கூடாது. பிரேக் சூடாகிக் கடைசி முடக்கில் பிடிக்காமல் போகும்.

பின்னால் யார் உட்காருவது?

விளம்பரப் படத்தில் பைக்கில் ஒரு பிள்ளை மட்டும்தான் இருப்பான். தோட்டத்தில் அப்படி இல்லை. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும், தங்கச்சியை ரியூஷன் வகுப்பில் விட வேண்டும், அரிசி மூட்டை ஏற்ற வேண்டும். ஆர் 15-இன் பின்சீட் முன்சீட்டை விட நல்ல உயரத்தில், ஒரு தட்டு அளவுக்குத்தான் இருக்கிறது. சேலை கட்டிய ஓர் அம்மா அதில் ஒரு பக்கமாக உட்கார்ந்து கல் ரோட்டில் வருவது நடக்கிற காரியம் அல்ல. ஜிக்ஸரின் பின்சீட்டும் மெத்தை அல்ல, ஆனால் சீட் அவ்வளவு உயரத்துக்கு எழும்பாது, கால் வைக்கிற இடமும் அவ்வளவு மேலே இல்லை. ஓர் ஆள் நிம்மதியாக வரலாம்.

சேலை, துப்பட்டா பின்சில்லில் சிக்காமல் இருக்க வைக்கிற காவல் கம்பியைக் கழற்றி எறிவது இந்த வண்டி வாங்குகிற பிள்ளைகளின் ஒரு பழக்கம். பார்வைக்கு அசிங்கமாம்! அம்மாவை ஏற்றுவதானால் அந்தக் கம்பி கட்டாயம் இருக்க வேண்டும்.

விழுந்தால் எவ்வளவு?

புதிதாக ஓட்டுகிறவர் ஒருமுறையாவது வண்டியைச் சாய்ப்பார். லயத்துக்கு முன்னால் ஈரக் கல்லில் நின்றபடி சாய்ப்பது முக்கால்வாசி. முன்மூடி உள்ள வண்டிக்கு அதுவே செலவு, ஏனென்றால் அந்தப் பிளாஸ்டிக் வெடிக்கும், பூட்டுகிற காதுகள் உடையும். இது இரண்டு வண்டிக்கும் பொது. ஆர் 15-இல் கூடுதலாக ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. அதில் கல் பட்டுக் கூலன்ட் ஒழுகினால், கவனிக்காமல் ஓட்டினால் என்ஜினே போய்விடும். கூலன்ட் குறைந்தால் பீலித் தண்ணீரை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உள்ளே துரு பிடிக்க வைக்கும். ஜிக்ஸரில் இந்தத் தொல்லையே கிடையாது. ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும், டவுன் கராஜில் எந்த பாஸும் கை வைப்பார்.

பெற்றோல் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒழுங்காக ஓட்டினால் இரண்டுமே லீற்றருக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். 2022-இல் கியூ ஆர் அட்டையோடு கிழமைக்கு நாலு லீற்றருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

ஒரு சின்ன யோசனை. மூடி இல்லாத ஜிக்ஸரும் இருக்கிறது. எஸ்.எப். வண்டியின் அதே என்ஜின், அதே சட்டம். உடைகிற பிளாஸ்டிக் குறைவு. பிள்ளை சம்மதித்தால் என்னைக் கேட்டால் அதுவே முதல் வண்டிக்கு இன்னும் நல்லது. ஆனால் நான் சொன்ன பிள்ளைகளில் ஒருவனும் இதுவரை சம்மதிக்கவில்லை.

பழைய வண்டி பார்க்கும்போது

பகலில், மழை இல்லாத நேரத்தில் பாருங்கள். நீங்கள் போகும்போது என்ஜின் சூடாக இருந்தால், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆறிய பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. முன்ஃபோர்க்கில் ஒயில் ஒழுகியிருக்கிறதா, கைபிடியின் நுனியும் கால்மிதியின் நுனியும் தேய்ந்திருக்கிறதா, மூடியின் ஸ்குரூ சில இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் விழுந்த வண்டியின் அடையாளம். ரேஸ் உருவ வண்டிகள் சாதாரண வண்டியை விட அதிகம் விழுந்திருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. டயரின் பக்கத்தில் நாலு எண் அடித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது கிழமையில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது, பைனஸ் இலை விழுந்த ரோட்டில் சொல்லவே வேண்டாம். டயர் மாற்றுகிற காசை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பதிவுச் சான்றிதழில் இருக்கிற என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பெனியின் பெயர் இருந்தால், அந்த வண்டி இன்னும் விற்பவருடையது அல்ல. கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். "ஓப்பன் பேப்பர், பெயரை அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்வதையும் ஏற்க வேண்டாம். அந்த வண்டி யார் யார் கையில் இருந்து என்ன செய்தது என்று பொலிஸில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

காசுக் கணக்கு

இனி பெற்றோருக்கு. "சேர், பையன் ஒரே அடம் புடிக்கிறான், அந்த ஈ.பீ.எப். காசை எடுத்துக் குடுத்துட்டா நிம்மதியா இருப்பேன்" என்று என்னிடம் சொன்ன அம்மாமார் ஒருவர் இருவர் அல்லர். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அந்தக் காசை எடுக்கலாம் என்பது சட்டம். மலையில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியதற்கு, உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் சேர்ந்து வந்த காசு அது. ஒருமுறைதான் வரும். வண்டியோ ஐந்து வருஷத்தில் பாதி விலைக்குப் போய்விடும். 2020-க்குப் பிறகு பழைய வண்டி விலை ஏறியதைப் பார்த்து, பைக் வாங்குவது நகை வாங்குவது மாதிரி என்று சிலர் நினைக்கிறார்கள். அது இறக்குமதி நின்றதால் வந்த விலை. இறக்குமதி திறந்த பிறகு அதை நம்பக் கூடாது.

லீசிங்கும் இலேசான வழி அல்ல. ஒரு பேச்சுக்கு ஐந்து இலட்சம் கடனுக்கு மாதம் 18,000 ரூபா வீதம் 48 மாதம் என்று வைப்போம். மொத்தம் 864,000 ரூபா கட்டுவீர்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் மாதம் 25 நாள் பெயர் விழுந்தால் 33,750 ரூபா. சேமலாப நிதிக்கு 2,700 கழிந்தால் 31,050. தவணை போனால் மிச்சம் 13,050. மழைக்காலத்தில் 25 நாள் வேலை கிடைக்கிறதா என்பதை நீங்களே சொல்லுங்கள். தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், கட்டிய காசும் போகும். ஆகையால் பிள்ளை கையில் வைத்திருக்கிற காசுக்குள், அல்லது அவனுடைய சொந்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத தவணைக்குள் எந்த வண்டி வருகிறதோ அதைப் பாருங்கள். பெரும்பாலும் அது ஜிக்ஸராகத்தான் இருக்கும். அதே வயதுள்ள ஆர் 15-க்கு இங்கே எப்போதும் விலை கூடத்தான் கேட்கிறார்கள்.

அந்த வித்தியாசத்தில் இரண்டு நல்ல தலைக்கவசம் வாங்குங்கள், எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதாக. ஒன்று பின்னால் இருப்பவருக்கு. ஒரு நல்ல மழைச் சட்டை, கையுறை. நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் விறைத்த விரலோடு ஓட்டுகிறவருக்குக் கையுறை அலங்காரம் அல்ல.

லைசன்ஸ்

100 சீ.சீ. வரை உள்ள பைக்குக்கு ஏ 1 வகை, அதற்கு மேல் ஏ வகை. இரண்டு வண்டியும் 155 சீ.சீ. என்பதால் ஏ வகை சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். சித்தப்பாவின் சின்ன பைக்கில் ஓட்டிப் பழகி ஏ 1 மட்டும் எடுத்திருந்தால் போதாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒருவரை இடித்தால் காப்புறுதிக் கம்பெனி கைவிரித்துவிடும், நஷ்டஈடு உங்கள் வீட்டுத் தலையில் விழும்.

வண்டி வந்த முதல் மாதம் பின்னால் ஆள் ஏற்றாமல், தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பழகலாம். 20 கிலோமீற்றர் வேகத்தில் வந்து முன் பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது, எட்டுப் போடுவது, மைதானத்துக்கு ஏறுகிற மேட்டில் பின்பிரேக்கைக் காலால் பிடித்தபடி வண்டியைக் கிளப்புவது. இந்த மூன்றும் கை வந்த பிறகு பகலில் மெயின் ரோட்டுக்குப் போகட்டும். பனியும் இரவும் அதற்குப் பிறகு.

லீசிங் பத்திரம் இங்கிலிஷிலோ சிங்களத்திலோ இருந்து விளங்காவிட்டால் கையெழுத்து வைக்கும் முன் என்னிடம் கொண்டு வாருங்கள். பிரட்டு முடிந்த பிறகு ஆபிஸில் இருப்பேன். வண்டியின் பதிவுச் சான்றிதழ்ப் பிரதியையும், பிள்ளையையும் கூடவே கூட்டி வாருங்கள்.